துடைக்காத ஸ்பேனர்

வியாழக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் முதலில் குனிந்து பார்த்தது தகரத் தட்டைத்தான். தட்டு காய்ந்து கிடந்தது. அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் அச்சுக்கு நேர் கீழே, சொட்டுகிற ஆயிலைப் பிடிக்க முந்தின நாள் சாயங்காலம் அவரே வைத்த தட்டு. விடிவதற்குள் ஒரு கரண்டி ஆயிலாவது சேர்ந்திருக்க வேண்டும். ஒழுகல் தானாக நின்றுவிட்டதோ என்று அசட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே கருவிகள் மாட்டியிருக்கும் பலகைப் பக்கம் போனவர், அங்கே ஸ்பேனர் வரிசைக்குக் கீழே, தரையில் காசளவுக்கு ஒரு சொட்டைப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார்.

கியர் ஆயில்தான். கெட்டுப்போன முட்டையையும் தீக்குச்சி மருந்தையும் சேர்த்து அரைத்ததுபோல் ஒரு நாற்றம் அதற்கு உண்டு; ஒரு தரம் மூக்கில் ஏறினால் இரண்டு குளியலுக்கு இறங்காது. அந்தச் சொட்டிலிருந்து ஓர் எட்டு தள்ளி இன்னொரு சொட்டு. அங்கிருந்து ஓர் எட்டில் இன்னொன்று. அப்படியே வண்டியின் பின்சக்கரம் வரைக்கும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, ஒழுகல் மட்டும் எழுந்து உலாவிவிட்டு வந்திருந்தது.

அவர் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. மனுஷனை நம்புகிற ஆளும் இல்லை. எந்த போல்ட்டை முடுக்கினாலும், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். போல்ட் மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மற்ற மெக்கானிக்குகள் வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை நம்பினார்கள், இவர் கோட்டை நம்பினார். அதனால் தொழிலில் அவருக்கு 'மஞ்சக்கோடு' என்றே பெயர். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொட்டைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். மைத்துனன் ஆயில் கையோடு நடந்திருக்கிறான். ஆனால் அது பொருந்தவில்லை. மனைவியின் தம்பி பதினொரு வருஷமாக அவரோடு கூட்டாக வேலை செய்கிறான். நாற்பது வயது ஆள். ஒரு ஸ்பேனரைத் துடைக்காமல் அவன் கீழே வைத்து அவர் பார்த்ததில்லை. முதலில் கைப்பிடி, அப்புறம் தலை, கடைசியில் மறுபடியும் கைப்பிடி. "தாலி கட்டின பெண்டாட்டியைக்கூட நீ இப்படிக் கவனிக்கறதில்லையே மாப்ள" என்று அவர் கேலி செய்வார். அந்தக் கை தரையில் சொட்டுவிட்டுக்கொண்டு நடக்குமா?

வண்டி ஒரு கண் டாக்டரம்மாவுடையது. கரும்பச்சையில் இரண்டே பேர் உட்காருகிற வண்டி, மஞ்சக்கோட்டைவிட வயதில் மூத்தது. பின் அச்சின் நடுவே பல்சக்கரங்களை உள்ளே வைத்துப் பானை மாதிரி உருண்டிருக்கிற டிஃபரன்ஷியலின் மூடி ஒழுகுகிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார். சின்ன வேலை. மூடிக்கு அடியில் கசிவை அடைக்கிற பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிவிட்டு, புதிதாகக் காகித கேஸ்கெட் வெட்டி வைத்து, பத்து போல்ட்டை முடுக்கினால் தீர்ந்தது. முடுக்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் ஒழுகிக்கொண்டு வந்தது. மறுபடி மாற்றினார். மறுபடி வந்தது.

"ஒரே கண்ணுக்கு நான் மூணு தடவை ஆபரேஷன் பண்ணினா என்கிட்ட எவனாவது வருவானா?" என்று டாக்டரம்மா கேட்டது அவருக்குச் சுரீரென்று பட்டது. "திங்கக்கிழமை காலைல வருவேன். அப்பவும் சொட்டுச்சுன்னா வேற இடம் பார்த்துக்கறேன்."

அந்த வண்டி கிடைத்த கதையை முதல் நாளே டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூடிப்போன ஏதோ ஒரு ஷெட்டில், ஸ்டாண்டுகள் மேலே ஒன்பது வருஷம் நின்றதாம். பின் மூடி பாதி கழற்றினபடி. ஒரு ஸ்பேனர் போல்ட்டிலேயே மாட்டித் தொங்கிக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் ஒரு ஸ்டூல். "டீ குடிக்கப் போனவங்க திரும்பி வரவே இல்லைங்கற மாதிரி இருந்துச்சு" என்றார். அந்த அரை இன்ச் ஸ்பேனர் இப்போதும் வண்டி டிக்கியில் பழந்துணி சுற்றிக் கிடந்தது. யாரோ வருஷக்கணக்கில் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி நடுவில் தேய்ந்து மெலிந்திருந்தது. மைத்துனன் அதை ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கைக்கு வேணாம் அத்தான்" என்று திரும்பச் சுற்றி வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை மூன்றாவது கேஸ்கெட்டைப் போட்டு, பத்துக் கோடும் இழுத்து, வண்டியை ஷெட்டிலேயே வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை மூடியின் கீழ்விளிம்பு ஈரமாக இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பத்து மஞ்சள் கோடும் போட்டது போட்டபடி நேராக இருந்தன. கோடு பொய் சொல்லாது என்று எழுந்துகொண்டவர், என்னவோ தோன்றி ஒரு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அது லொடலொடவென்று ஆடியது. முடுக்கிப் பார்த்தார். சரியாக ஒரு முழுச் சுற்று வந்து இறுகியது. அடுத்ததும் ஒரு சுற்று. பத்தும் ஒரே ஒரு சுற்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு சுற்று முழுசாகத் திருப்பினால் கோடு மறுபடி கோட்டோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வெளியாள் எவனும் இதைச் செய்ய மாட்டான். அவருடைய கோட்டைத் தெரிந்தவன், கோட்டை ஏமாற்றத் தெரிந்தவன் செய்த வேலை. அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் அவரே.

பத்தையும் முடுக்கிவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் மறுபடி பத்தும் ஒரு சுற்று.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிக்குப் பஞ்சமா? போன வாரம் மைத்துனன் ஷெட்டுக்குப் பின்னால் நின்று ஃபோனில் தணிந்த குரலில் பேசியது நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் பொறுங்க, அத்தான்கிட்ட இன்னும் சொல்லலை." இவரைப் பார்த்ததும் ஃபோனை வைத்துவிட்டான். பெரிய பட்டறைக்காரன் எவனோ கூப்பிடுகிறான், போகும்போது நம் பேரைக் கெடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறான். கூட இருந்தே குழி பறிக்கிறது என்பார்களே, அது இதுதான். நினைக்க நினைக்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திய அளவுக்கு நெஞ்சு வலித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுவிட்டார்.

"மாப்ள, ராத்திரில இங்க வந்து போறியா?"

"எதுக்கு அத்தான் வரணும்?"

"எதுக்குன்னு நீதான் சொல்லணும். பத்து போல்ட்டும் ஒரு சுத்து லூசு. ரெண்டு நாளா."

அவன் முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தான். இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கையிலிருந்த துணி ஸ்பேனர் மேலேயே நின்றுவிட்டது.

"பதினொரு வருஷம் அத்தான்."

"அதைத்தான் நானும் எண்ணிக்கிட்டிருக்கேன். சாவியைக் குடு. நான் கூப்பிடாம இந்த ஷட்டரைத் தாண்டி வராத."

அவன் பாதியில் நின்ற ஸ்பேனரைத் துடைத்து முடித்தான். கைப்பிடி, தலை, மறுபடி கைப்பிடி. பலகையில் மாட்டினான். சாவியை மேஜையில் வைத்தான். அவன் எப்போதும் உட்காருகிற முக்காலி வழியில் கிடந்தது. அவன் போன பிறகு இவர் அதை மூலைக்கு உதைத்துத் தள்ளினார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு தரம்தான் பேசினாள். "சந்தேகம் உங்களோட பொறந்தது. என் தம்பி பாதில வந்தவன். யாரை விட முடியும்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. அவர் ஷெட்டுக்குப் போய், ஷட்டரை உள்ளிருந்து கீழே இழுத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டையும் மாட்டினார். பூட்டின் சாவி இரும்பு மேஜை மேல். ஃபோனும் அங்கேதான். இன்றைக்கு நாலாவது கேஸ்கெட்டைப் போட்டுவிட்டு, விடிகிற வரைக்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு. பூட்டையும் மீறி வருகிறவன் வரட்டும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனைவிக்கும் பதில் சொன்ன மாதிரி இருக்கும்.

வண்டி நாலு ஸ்டாண்டுகள் மேலே நின்றது. இடது பக்கம் சுவரை ஒட்டி, வலது பக்கம்தான் வெளி. சின்ன உருளைகள் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, பின்பக்கமாக உள்ளே நகர்ந்து, விளக்கைக் கம்பியில் மாட்டினார். தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, வடித்த ஆயிலின் நாற்றம் தரையோடு தரையாகப் பரவி அவர் தலைமுடி வரைக்கும் ஏற, விளக்கின் மஞ்சள் வட்டத்துக்கு வெளியே இருந்த சக்கரம், தூண், மேஜைக்கால் எல்லாம் ஒன்றன் நிழலில் ஒன்று ஒண்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் நின்றன. தனியாக இந்த வேலை செய்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

பத்து போல்ட்டையும் கழற்றி, வலது சக்கரத்தோரம் இருந்த தகரக் கிண்ணத்தில் போட்டார். மூடியை எடுத்தார். கேஸ்கெட் கிழிந்திருந்தது. லூசான போல்ட்டால் கேஸ்கெட் நனையும், ஊறும், வழுக்கும். இது கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரங்கள் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தன.

மூடியின் உட்புறத்தை விளக்குக்குக் காட்டினார். கறுத்த ஆயில் படிந்த இரும்பில், மேலிருந்து கீழே, பக்கத்தில் பக்கத்தில் நாலு தடம் மட்டும் சுத்தமாக இருந்தது. விரலை வைத்தால் பொருந்தும் என்று வைக்காமலே தெரிந்தது. அவர் வைத்துப் பார்க்கவில்லை. ராத்திரியில் வந்து மூடியையே கழற்றியிருக்கிறான், அதுதான் அவன் விரல் பட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் ஒன்றும் அரளவில்லை. மைத்துனன் மேல் இருந்த கோபம் அப்போது அவருக்கு ஒரு துணையாகக்கூட இருந்தது.

சுரண்டினார். துடைத்தார். புது கேஸ்கெட்டின் இரண்டு முகத்திலும் மெல்லிசாகப் பசை தடவி, மூடியோடு சேர்த்துத் தூக்கி, இடது உள்ளங்கையால் இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இனி அந்தக் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் கேஸ்கெட் நழுவும், வேலை முதலிலிருந்து. கண்ணை போல்ட் துளையிலேயே வைத்துக்கொண்டு வலது கையைச் சக்கரத்துக்கு அப்பால் நீட்டினார்.

"போல்ட்டு."

உள்ளங்கையில் போல்ட் வந்தது. துளையில் வைத்து விரலால் சுற்றினார். கையை நீட்டினார். அடுத்தது வந்தது. குறுக்கே எதிர்த்துளையில் வைத்தார். நீட்டினார். மூன்றாவதும் வந்தது. மழைச் சத்தம், ஆயில் வாசம், நீட்டினால் கைக்கு வருகிற போல்ட். வேலை நன்றாக ஓடும்போது வருகிற அந்த நிம்மதி அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"அரை இஞ்சு."

ஸ்பேனர் வந்தது. பிடித்ததும் வழுக்கியது. கைப்பிடி முழுக்கக் கொழகொழவென்று ஆயில்.

"தொடைச்சுக் குடுக்கத் தெரியாதா மாப்ள" என்றார்.

சொன்ன வாய் திறந்தபடியே இருந்தது.

மாப்ள இங்கே இல்லை. அவனை அவர் நேற்றே அனுப்பிவிட்டார். ஷட்டர் உள்ளே பூட்டியிருக்கிறது.

அவர் அசையவில்லை. இடது கை மூடியில். வலது கையில் ஸ்பேனர். மெல்ல அதை விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இது அவருடைய ஸ்பேனர் இல்லை. கைப்பிடி நடுவில் மெலிந்திருந்தது. டிக்கியில் துணி சுற்றிக் கிடந்த ஸ்பேனர்.

இன்னொரு சாவி வைத்திருக்கிறான். இந்த நினைப்பை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். நான் வருவதற்கு முன்னாலேயே உள்ளே வந்து எங்கேயோ ஒளிந்திருக்கிறான். பயமுறுத்திப் பார்க்கிறான். பழி தீர்க்கிறான்.

"மாப்ள" என்றார். குரல் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

மழை கொட்டியது.

தலையைத் திருப்பி, வலது சக்கரத்துக்கு அடியால் பார்த்தார். முக்காலியின் மூன்று கால்கள் தெரிந்தன. மூலைக்கு உதைத்துத் தள்ளிய முக்காலி. இப்போது மைத்துனன் போடுகிற அதே இடத்தில், சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. கால்கள் அழுந்தியிருந்தன. ஆள் உட்கார்ந்தால் அது லேசாக முனகும். முனகியது.

பக்கத்தில் ஆள் கால் இல்லை.

முக்காலிக்கு அடியில் தரையில் ஆயில் தேங்கியிருந்தது. மேலேயிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வெளியே போக வேண்டும். குதிகாலை ஊன்றிப் பலகையைத் தள்ளினார். நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். உருளையில் எதுவோ தடுத்தது. என்ன என்று அவருக்குத் தெரியும். போல்ட்டை முடுக்கும்போது பலகை வழுக்காமல் இருக்க, மைத்துனன் உருளைக்கு ஒரு மரக்கட்டையைச் சொருகி வைப்பான். கேட்காமலே செய்வான். இப்போதும் யாரோ கேட்காமலே செய்திருந்தார்கள்.

"மாப்ள, வெளையாடாத."

"ம்."

ஒரு கணம் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அவ்வளவு ஆறுதல். அவன் குரல்தான். வேலை மும்முரத்தில் அவன் போடுகிற அதே 'ம்'. ஆறுதலின் பின்னாலேயே கோபம் வந்தது, கோபம் வந்ததும் தெம்பும் வந்தது.

"எப்படிடா உள்ள வந்த? எத்தனை சாவி வச்சிருக்க?"

"தெறந்துதான் இருந்துச்சு அத்தான்."

"எது தெறந்திருந்துச்சு?"

தொண்டையில் ஏதோ நிரம்பியிருப்பவன் பேசுகிற மாதிரி, பதில் ஈரமாக வந்தது.

"மூடி."

இடது உள்ளங்கைக்குக் கீழே இரும்பு சில்லென்று இருந்தது. மூடிக்குப் பின்னால் பல்சக்கரங்களைச் சுற்றி ஒரு பானையளவு வெற்றிடம். அதில் இப்போது எதுவும் இல்லை. இருந்தது வெளியே வந்துவிட்டது. அவர்தான் கழற்றினார். பத்து போல்ட்டையும், தன் கையால், ஒன்று மிச்சமில்லாமல். முன்பெல்லாம் கழற்றும்போது முக்காலியில் மாப்ள இருந்தான், இன்றைக்கு அது காலியாக இருந்தது. தினம் ஒரு சுற்றாகத் திருப்பிக்கொண்டிருந்ததை அவர் முழுசாக முடித்துக் கொடுத்திருக்கிறார்.

மேஜையில் ஃபோன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. எட்டடி தூரம்.

அப்புறம் வெளியே ஒரு மோட்டார் பைக் வந்து நின்றது. ஷட்டரில் மூன்று தட்டு.

"அத்தான்."

அதே குரல். ஆனால் காய்ந்த குரல், மழைக்கு மேலே கத்துகிற குரல், ஆள் குரல்.

"அத்தான், நான்தான். ஃபோன் பண்ணினேன், எடுக்கலை. உள்ள லைட்டு தெரியுது. அக்காதான் போய்ப் பேசிட்டு வான்னுச்சு. அந்த ஃபோன் விஷயம் இருக்குல்ல, அது வண்டியைத் தூக்கி நிறுத்தற ஒரு லிஃப்ட்டு. செகண்ட் ஹேண்ட்ல வருது. இந்த வயசுல நீங்க மல்லாந்து படுத்துக் கஷ்டப்பட வேணாம்னு பேசிட்டிருந்தேன். முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். வேற ஒண்ணும் இல்லை அத்தான்."

மல்லாந்து கிடந்தவரின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. பதினொரு வருஷம். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று நினைத்தார். வாயைத் திறந்தால் போதும், மாப்ள வந்து என்னை வெளியே எடுடா என்று சொல்லிவிடலாம். கம்பியால் நெம்பினால் அந்தத் தாழ்ப்பாள் நிமிஷத்தில் வந்துவிடும். அது அவனுக்குத் தெரியும். கூப்பிட்டால் வந்துவிடுவான்.

முக்காலி முனகியது. எழுந்திருக்கிற முனகல்.

"யாரோ தட்டறாங்க அத்தான்" என்றது சக்கரத்துக்குப் பக்கத்துக் குரல். "நான் போய்த் தெறக்கவா?"

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியிலிருந்து தரை மட்டும்தான் தெரிந்தது. முக்காலிக்கு ஓர் எட்டு தள்ளி ஒரு சொட்டு விழுந்தது. அதற்கு ஓர் எட்டு தள்ளி இன்னொன்று. மேஜைக்கு அருகில் இரண்டு சொட்டு சேர்ந்து விழுந்தன. அங்கே சாவி உரசியது. சொட்டுகள் மறுபடி நகர்ந்தன. ஷட்டரைப் பார்த்து.

"அத்தான், ஒரு தடவை மூஞ்சியைக் காட்டுங்க, போயிடறேன்" என்றான் வெளியே.

இன்னும் நாலு எட்டு.

மூன்று.

பூட்டில் சாவி நுழைந்தது.

"போயிடு!" என்று அலறினார். தன் குரலா என்று அவருக்கே தெரியவில்லை. "உள்ள வராத! ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்டா. திருட்டுப்பய நீ. இனி என் பொணத்துக்குக்கூட வராத. போ!"

வெளியே மழை மட்டும். பூட்டில் சாவியும் அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் காத்திருந்தன.

"சரி அத்தான்."

ஷட்டருக்கும் தரைக்கும் நடுவேயுள்ள இடுக்கில் எதுவோ சரசரத்தது. வெள்ளையாக ஒரு வளையம், பத்து ஓட்டையோடு, உள்ளே நழுவி வந்தது. வீட்டில் உட்கார்ந்து அவனே வெட்டியிருக்கிறான். இந்த ஒழுகலை நிறுத்துவதற்கு, தடித்த காகிதத்தில், புது கேஸ்கெட்.

"கெட்டிப் பேப்பர்ல ஒண்ணு வெட்டினேன். போட்டுப் பாருங்க."

பைக் கிளம்பியது. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அப்புறம் மழையில் கரைந்தது. போய்விட்டான். பிழைத்துக்கொண்டான். எதிலிருந்து என்று அவனுக்கு ஒரு நாளும் தெரியப்போவதில்லை.

வெள்ளை வளையத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. கறுப்பாக ஊறிப் பரவியது. வளையம் தரையிலிருந்து எழும்பி, விளக்கு எட்டாத உயரத்துக்குப் போய் மறைந்தது.

சொட்டுகள் திரும்பி வந்தன. ஓர் எட்டு. இன்னோர் எட்டு. அவசரமில்லை. மேஜையைத் தாண்டி. தூணைத் தாண்டி. சக்கரத்தோரம்.

முக்காலி முனகியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை இன்னும் மூடியை அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. வலது கை சக்கரத்துக்கு வெளியே கிடந்தது, ஸ்பேனரைப் பிடித்தபடி. அந்த ஸ்பேனர் மெதுவாக, வெடுக்கென்று பிடுங்காமல், மரியாதையாக உருவப்பட்டது.

துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது. நீளமாக, நிதானமாக. கைப்பிடி. அப்புறம் தலை. மறுபடியும் கைப்பிடி.

"அடுத்த போல்ட்டு, அத்தான்."

உள்ளங்கையில் ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது. சொட்டு ஆயில் இல்லாமல், சுத்தமாகத் துடைத்திருந்தது.